தொப்புளைச் சுற்றிப் பதினான்கு

2021-ஆம் வருஷம் மே மாதத்தில் நம் பக்கத்தில் ராத்திரி தூங்காமல் விழித்திருந்தவர்கள் இரண்டு வகை. ஒன்று, நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். மற்றொன்று, கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கொரோனா ஊசிக்கு எந்த ஊரிலாவது இடம் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பகவான் புண்ணியத்தில் நான் இரண்டாவது வகையில் இருந்தேன்.

பெயரைக் கொடு, பிறந்த வருஷத்தைக் கொடு, தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கத்தை அடி என்று அது கேட்டதையெல்லாம் கொடுத்து முடிப்பதற்குள், பச்சையாக இருந்த கட்டம் சிவப்பாகிவிடும். கல்யாணப் பந்தியில் காலி இலையைக் குறிவைத்து நாம் வேட்டியை மடித்துக்கொண்டு குனியும்போது, பக்கவாட்டிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவாரே, அந்தக் கதைதான். பதினோரு நாள் கழித்து, வீட்டிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி ஒரு சுகாதார நிலையத்தில் இடம் கிடைத்தது. போட்டுக்கொண்டு வந்த அன்று ராத்திரியே குளிர் ஜுரம். எலும்பை யாரோ கழற்றிக் கழுவிக் காயப்போடுவது போல ஒரு வலி. முனகிக்கொண்டு கிடந்தேன்.

என் தாயார் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இதுக்கே இப்படியாடா? ஒன்பது வயசிலே தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி வாங்கிண்டவன் நீ!" என்றாள்.

மறந்துபோயிருந்தது என்று சொன்னால் பொய். வயிறு அவ்வளவு எளிதில் மறக்காது.

1988-ஆம் வருஷம். என் தகப்பனார் காவிரிக் கரையில் ஒரு சின்ன ஊரில் போஸ்ட்மாஸ்டர். அந்த ஊர்த் தெருக்கோடியில் ஒரு சொறிநாய் ஒரே காலையில் இரண்டு பேரைக் கடித்தது. முதல் ஆள் தெருக்கோடி மாட்டுவண்டிக்காரர். இரண்டாவது ஆள் நான். பாட்டி கடிவாயில் சுண்ணாம்பையும் மிளகாய்ப் பொடியையும் வைத்து அழுத்தினாள். கடித்ததைவிட அந்த வைத்தியத்துக்குத்தான் நான் அதிகம் கத்தினேன். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுவதுதான் சரியான முதல் உதவி என்று இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. நாயை ஊரார் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அதற்கு வெறி இருந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள இருந்த எளிய வழி, அதைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்ப்பது. அந்த வழியும் அதோடு போயிற்று.

தாலுகா ஆஸ்பத்திரிக்கு நாங்கள் மூன்று பேரும் வண்டிக்காரருடைய வண்டியிலேயே போனோம். கம்பவுண்டர் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒருத்தருக்குத்தான் மருந்து இருக்கு. குன்னூரிலேருந்து வரணும். இன்னொருத்தர் திங்கட்கிழமை வரட்டும்" என்றார். அன்று வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி குமாஸ்தா என் தகப்பனாருக்குத் தெரிந்தவர். யார் அந்த ஒருத்தர் என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவே இல்லை. வண்டிக்காரர்தான், "தம்பிக்குப் போடுங்கய்யா. சின்னப் புள்ள" என்றார்.

தொப்புளைச் சுற்றி என்பது ஊர்ப் பேச்சு. உண்மையில் வயிற்றில் இன்று இடப்பக்கம், நாளை வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். மருந்தின் அளவு அதிகம். தோலுக்கடியில் அத்தனையும் தங்குவதற்கு வயிற்றில்தான் இடம். நாலாம் நாளுக்கு மேல் என் வயிறு கொழுக்கட்டைத் தட்டு மாதிரி ஆகிவிட்டது. டிராயர் நாடாவைக் கட்ட முடியாது. குப்புறப் படுக்க முடியாது. சாயங்காலமானால் ஜுரம்.

அந்தக் கலங்கல் மருந்து ஆட்டின் மூளை என்பது எனக்கு ரொம்பப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. அது எப்படி என் வயிற்றுக்கு வந்து சேர்ந்தது என்று தேடியபோது, ஒன்பது வயசுப் பையன் இன்னொருவனைச் சந்தித்தேன்.

அவன் பெயர் ஜோசப் மைஸ்டர். அல்ஸாஸ் பிரதேசத்துப் பையன். 1885 ஜூலை 4-ஆம் தேதி வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்துக் குதறியது. 6-ஆம் தேதி தாயார் அவனைப் பாரிஸில் லூயி பாஸ்டர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். பாஸ்டர் வைத்தியர் அல்ல, ரசாயன சாஸ்திரி. ஊசி போடுகிற உரிமைகூட அவருக்குக் கிடையாது. கிரான்ஷே என்ற டாக்டர்தான் போட்டார். வெறிநோயில் செத்த முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, வீரியம் செத்துப்போன பழையதில் தொடங்கி, நாளுக்கு நாள் புதியதாக ஏற்றிக்கொண்டு போவது அவர் முறை. பத்து நாளில் 13 ஊசி. கடைசி ஊசியில் இருந்தது உயிருள்ள, முழு வீரியமுள்ள விஷம். பையன் சுகமாக விளையாடிக்கொண்டிருந்தான். பாஸ்டருக்குத்தான் தூக்கமில்லை.

மைஸ்டர் பிழைத்தான். உலகம் கொண்டாடியது. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு மைஸ்டரைவிட லூயீஸ் பெல்லெத்தியே என்ற பத்து வயசுப் பெண்தான் மனசில் நிற்கிறாள். அதே வருஷம் நவம்பரில் அவளைக் கொண்டுவந்தார்கள். நாய் கடித்து 37 நாள் ஆகியிருந்தது. காலம் கடந்துவிட்டது என்று பாஸ்டருக்குத் தெரியும். இவள் இறந்தால் ஊசியால்தான் இறந்தாள் என்று எதிராளிகள் சொல்வார்கள், அதைக் கேட்டுப் பயந்து நாளைக்கு வரவேண்டியவர்கள் வராமல் போவார்கள் என்பதும் தெரியும். கணக்குப் பார்க்கிற மனுஷர் என்றால் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். பெற்றவர்கள் அழுதார்கள். அவர் ஊசி போடச் சொன்னார். டிசம்பர் ஆரம்பத்தில் அந்தப் பெண் இறந்தபோது அவர் கட்டிலருகே இருந்தார்.

அதற்குள் பாரிஸுக்குக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. அமெரிக்காவில் நியூவார்க் நகரத்திலிருந்து நாலு பையன்களை, பொதுஜனங்களிடம் வசூல் செய்த பணத்தில் கப்பலேற்றி அனுப்பினார்கள். ருஷ்யாவில் ஸ்மோலென்ஸ்கிலிருந்து ஓநாய் கடித்த 19 குடியானவர்கள் 1886 மார்ச்சில் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தை ‘பாஸ்டர்’ என்று சொல்வதுண்டு. 16 பேர் ஊர் திரும்பினார்கள். மூன்று பேர் திரும்பவில்லை. கடிபட்டு வந்து சேர்வதற்குள் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடிப்போயிருந்தது.

நம் தேசத்துக்கு இந்த வைத்தியம் 1900-இல் வந்தது. வந்து உட்கார்ந்த இடம் கசௌலி, சிம்லாவுக்குப் போகிற வழியில் ஒரு மலை. சென்னையில் ஒருவரை நாய் கடித்தால் அவர் தேசத்தை நெட்டுக்குக் கடந்து, மலையும் ஏற வேண்டும். துரைமார்களுக்கே அது சுலபமில்லை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கில யுவதி நாய்க்கடி நோயால் இறந்தாள். தெற்கேயும் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் சீமான் கர்ஸன் பிரபுவிடம் கொடுத்திருந்த நன்கொடையிலிருந்து ஒரு லட்ச ரூபாய் ஒதுக்கி, 1907 ஏப்ரலில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். அதற்கு முன்னும் இங்கே எத்தனையோ குப்பன்களும் சுப்பன்களும் தண்ணீரைக் கண்டு அலறிச் செத்திருப்பார்கள். கட்டடம் எழும்புவதற்கு ஒரு துரைசானி சாக வேண்டியிருந்தது என்று எழுதினால் கசப்பாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயில் 1899-லேயே குன்னூருக்கு ஏற ஆரம்பித்திருந்தது. ஆகவே கடிபட்டவன் மலை ஏறிவிடலாம். ஆனால் இரண்டு வாரம் குளிரில் தங்க வேண்டும். தினக்கூலிக்காரன் இரண்டு வாரம் தங்கினால் வீட்டில் அடுப்பு எரியாது.

இதற்கு விடை கண்டவர் கசௌலியில் வேலை பார்த்த டேவிட் ஸெம்பிள். 1911-இல் அவர் வெறிநோய்க் கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று, அந்த மூளைக் கரைசலையே மருந்தாக்கினார். செத்த கிருமி சீசாவில் கெடாது. மனிதன் மலை ஏறுவதற்குப் பதிலாக மருந்து மலையிலிருந்து இறங்கி வந்தது. ஜில்லா ஆஸ்பத்திரிக்கும் பிறகு தாலுகா ஆஸ்பத்திரிக்கும் வந்தது. அதன் பலனாக எத்தனை ஆயிரம் பேர் பிழைத்தார்கள் என்பதை எண்ணி முடியாது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. கிருமி செத்தாலும் ஆட்டு மூளை ஆட்டு மூளைதான். சில பேருடைய உடம்பு, வந்திறங்கிய அந்நிய மூளையோடு சண்டை பிடிக்கப் போய், சொந்த நரம்பைப் போர்த்தியிருக்கும் உறையையும் அந்நியம் என்று எண்ணித் தாக்கிவிடும். கால் மரத்துப்போகும். சிலருக்குப் பக்கவாதம். சிலர் இறந்தும் போனார்கள். நாய்க்குத் தப்பியவன் ஊசிக்கு மாட்டிக்கொண்ட கதை.

எங்கள் ஊர் வண்டிக்காரர் திங்கட்கிழமை போனார். மருந்து வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை என் தகப்பனார் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, அவரைப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் முதல் ஊசி போடவைத்தார். ஏழாவது ஊசியன்று அவர், "பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குய்யா" என்றாராம். டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார் என்று என் தகப்பனார் சொல்வார். ஊசியைத் தொடர்ந்தால் கால் போகலாம். நிறுத்தினால், நாய்க்கு வெறி இருந்திருந்தால், உயிரே போகலாம். அந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் அப்புறம் வைத்தியமே கிடையாது. டாக்டர் நிறுத்தினார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம், காலையில் தபால் பையைப் பிரிப்பதற்கு முன்னால் என் தகப்பனார் தெருக்கோடி வரைக்கும் நடந்துவிட்டு வருவார். வண்டிக்காரர் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு அன்றைய காபி இறங்கும்.

வண்டிக்காரர் பிழைத்துக்கொண்டார். ஏழு ஊசியால் பிழைத்தாரா, நாய்க்கு வெறியே இல்லாததால் பிழைத்தாரா? என்னையும் அதே கேள்வி கேட்கலாம். மைஸ்டர் விஷயத்தில் பாஸ்டரின் எதிராளிகள் கேட்டதும் இதைத்தான். வெறிநாய் கடித்தவர்கள் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லையே என்றார்கள். ஓர் ஆளை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. 1886 மார்ச் முதல் தேதி பாஸ்டர், இதுவரை 350 பேருக்கு ஊசி போட்டேன், இறந்தது ஒருத்திதான் என்று சபையில் அறிவித்தார். அந்த ஒருத்தி லூயீஸ்.

ஆட்டு மூளை மருந்து செய்வதை நம் தேசத்தில் 2004 முடிவில் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களிலிருந்து மருந்து செய்கிறார்கள். கையில் நாலைந்து தவணையோடு முடிந்துபோகிறது. வயிற்றைக் காட்ட வேண்டியதில்லை.

வண்டிக்காரருக்கு இடது கால் மட்டும் கடைசி வரைக்கும் லேசாக இழுத்தது. ஊரில் டெம்போ வந்த பிறகும் எங்கள் வீட்டு நெல் மூட்டை அவர் வண்டியில்தான் வரும். கீரைக்காரியிடம் பத்துப் பைசாவுக்குக் கால் மணி நேரம் வாதாடுகிற என் தகப்பனார், அவர் கேட்ட வாடகையை எண்ணிப் பார்க்காமல் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.