தூசியில நிக்குதா உங்க சாஃப்ட் டாப் கார்? காஞ்சிப் பட்டு மாதிரி பார்த்துக்கோங்க!

துணிக்கூரை கார்னு சொன்னதும் நம்ம ஊர்ல பலருக்கும் ஞாபகம் வர்றது மஹிந்திரா தார். 2020 அக்டோபர் 2-ல விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை தாரில், கையால மடக்கித் திறக்கிற சாஃப்ட் டாப்பும் ஒரு ஆப்ஷனா இருந்துச்சு. வீக்எண்டுக்கு மட்டும் எடுத்துட்டு, மத்த நாள்ல ஷெட்டுல நிறுத்திவைக்கிறீங்களா? அப்போ முதல் எதிரி தூசிதான்.

அதுவும் காஞ்சிபுரம் பக்கம்னா கேட்கவே வேணாம். ஒருபக்கம் பெங்களூரு நெடுஞ்சாலைப் புழுதி, இன்னொரு பக்கம் கல்குவாரி லாரிகள் தூவிட்டுப் போற கல்தூள். தகர ஷெட்டுல ஒரு மாசம் நின்னா கறுப்புக் கூரை சாம்பல் நிறமாகிடும்.

தூசி என்ன செய்யும்?

கல்தூள் கிட்டத்தட்ட உப்புத்தாள் மாதிரி. தேய்க்கும்போதும் கூரையை மடக்கும்போதும் நூலை அறுக்கும். காஞ்சிப் பட்டுல உடலும் பார்டரும் சேர்ற கோர்வைதான் அதோட பலம். ஆனா, கார் கூரையில ரெண்டு துண்டு சேர்ற தையல்தான் பலவீனமான இடம். அங்கே நூல் தேய்ஞ்சா ஐப்பசி மழைத் தண்ணி சீட்டுக்கே வந்துடும். அதுக்கப்புறம் சுத்தம் செஞ்சு பிரயோஜனம் இல்லை. தையலைப் பிரிச்சுத் தைக்கணும், இல்லைன்னா கூரையையே மாத்தணும்.

சுத்தம் செய்யும் முறை

1. முதல்ல தண்ணி ஊத்தாதீங்க. தூசி சேறாகி நூல் இடுக்குல இறங்கிடும். மென்மையான பிரஷ் அல்லது பிரஷ் முனை உள்ள வேக்குவம் கிளீனரால காய்ஞ்ச தூசியை ஒரே திசையில எடுங்க.

2. அப்புறம் நிழல்ல வெச்சு, குறைஞ்ச வேகத்துல தண்ணி தெளிங்க. பிரஷர் வாஷ் வேண்டவே வேண்டாம், தையல் பிரிஞ்சுடும்.

3. சாஃப்ட் டாப்புக்கான கிளீனர் அல்லது மைல்டான கார் ஷாம்பு போதும். துணி துவைக்கிற பவுடர், பிளீச்சிங் கூடாது. பறவை எச்சம் இருந்தா சுரண்டாம ஊறவெச்சு எடுங்க.

4. நுரை துளியும் இல்லாம அலசுங்க. சோப்பு மிச்சமிருந்தா புதுத் தூசி அதுலயே ஒட்டும்.

5. கூரையை மூடின நிலையிலயே முழுசா காயவிடுங்க. ஈரத்தோட மடக்கினா பூஞ்சை நிச்சயம்.

தண்ணி முத்து முத்தா உருளாம துணிக்குள்ள இறங்குதுன்னா, நீர் விலக்கும் ஸ்பிரே அடிக்க வேண்டிய நேரம் வந்தாச்சு. கேன்வாஸுக்கும் வினைலுக்கும் தனித்தனி ஸ்பிரே இருக்கு. உங்க கூரை எதுன்னு மேனுவல்ல பார்த்துட்டு வாங்குங்க.

பிளாஸ்டிக் ஜன்னலைக் காய்ஞ்ச துணியால துடைக்காதீங்க, கீறல் விழும். தண்ணியால தூசியைக் கழுவிட்டு மைக்ரோ ஃபைபர் துணியால ஒத்தி எடுங்க. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பட்டா பிளாஸ்டிக் மங்கிடும்.

நிறுத்திவைக்கும்போது...

காஞ்சிபுரத்து வீடுகள்ல பட்டுப்புடவையை பிளாஸ்டிக் கவர்ல வைக்க மாட்டாங்க. பருத்தித் துணியில சுத்திவைப்பாங்க. அப்பப்போ நிழல்ல காத்தாட விட்டு, மடிப்பை மாத்தி மடிப்பாங்க. ஒரே மடிப்புல கிடந்தா ஜரிகை உடைஞ்சுடும். காருக்கும் இதே கணக்குதான்.

* வாரக்கணக்குல நிறுத்தினா கூரையை மூடியே வைங்க. மடிச்சே கிடந்தா துணியிலயும் ஜன்னல்லயும் மடிப்புத் தழும்பு நிரந்தரமாகிடும்.

* தார்ப்பாய் போட்டா ஈரம் உள்ளேயே தங்கும். காத்துப் போற கார் கவர் போடுங்க.

* தூசி படிஞ்ச கார் மேல கவர் போடாதீங்க. காத்துல கவர் ஆட ஆட, தூசி தேய்ச்சுக்கிட்டே இருக்கும். கவரை இறுக்கிக் கட்டுங்க. எடுக்கும்போது வெளிய கொண்டுபோய் உதறுங்க.

* ஷெட்டுத் தரையைப் பெருக்குறதுக்கு முன்னாடி தண்ணி தெளிங்க. தின்பண்டத்தை காருக்குள்ள விடாதீங்க. எலி வந்தா துணியையும் கடிக்கும்.

15 நாளுக்கு ஒருமுறை கவரை எடுத்து, தையல் ஓரத்தைத் தடவிப் பாருங்க. விரல்ல நறநறன்னு மண் தட்டுப்பட்டா, கூரையை மடக்குறதுக்கு முன்னாடி பிரஷ்ஷைக் கையில எடுங்க!