அடிப்புறம் பார்க்க இடமில்லாத பட்டணம்

அந்நாளில் சென்னைக் கரையில் ஓடிய மசூலாப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். மணலில் இழுத்துப் போட்டால் அவிழ்ந்த தையல் கண்ணுக்குத் தெரியும்.

நம் திருவல்லிக்கேணிக்கு வடக்கே, கோட்டைக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரமிட்ட போர்க்கப்பலுக்கு அந்த வசதி ஏது? புழு துளைக்காமலிருக்க 1780 வாக்கில் இங்கிலீஷ்காரர் மரக்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்தார்கள். பலகையைப் பிடித்திருந்ததோ இரும்பு ஆணி. உப்புநீரில் செம்போடு சேர்ந்த இரும்பு அரித்துப்போகும். தகடு அதை மறைத்துவிடும். கப்பல் தச்சர் உள்ளே ஊறும் தண்ணீரைக் கோல் விட்டு அளந்து பார்ப்பார். நாடி பிடிக்கிற மாதிரிதான்.

கப்பலை ஏற்றிப் பார்க்கும் உலர்துறை பம்பாயில் 1750-லேயே வந்துவிட்டது. சென்னையில் இல்லை. 1782 செப்டம்பரில் திருகோணமலை அருகே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனுடன் மோதிய அட்மிரல் ஹியூஸ், பழுதுபார்க்க அக்டோபரில் பம்பாய்க்குக் கிளம்பினார். (பிரெஞ்சில் படித்த எனக்கு சுஃப்ரேன் மேல் ஒரு சாய்வு உண்டு; அது கிடக்கட்டும்.) அதே சமயம் புயல் அடித்து, அரிசி ஏற்றி நின்ற கப்பல்கள் உடைந்தன. ஹைதர் அலி படைக்கு அஞ்சி வந்தவர்களால் பட்டணம் நிரம்பியிருந்தது. பஞ்சத்தில் ஜனங்கள் தெருவில் செத்தார்கள். ஹியூஸ் திரும்பியது அடுத்த ஏப்ரலில்.