செக்ரோலில் ஏறாத நோவு

1872இல் இலங்கைத் தோட்டங்களுக்கென்று மருத்துவத் தேவைச் சட்டம் வந்தது. மறு வருடமே பைத்தியச் சட்டமும் வந்தது. கோப்பி மலைகளில் உழைத்த தமிழர்களின் காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் முதற்சட்டம் கவனித்தது. புத்தி பேதலித்தவரை நீதிமன்றத்தின் வழியே கொழும்புக்கு அனுப்ப மற்றது வழி செய்தது. இரண்டுக்கும் நடுவே, வேலைக்குப் போய்க்கொண்டே உள்ளுக்குள் ஒடிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

இத்தனைக்கும் கோப்பிக்குப் பின் வந்த தேயிலைத் தோட்டமும் கணக்கிலேயே ஓடியது. பெரட்டுக்களத்தில் ஆளை எண்ணுவார்கள், மலையில் கொழுந்தை நிறுப்பார்கள், முழுநாள் வேலைக்கு முழுப்பேரா, குறைந்ததற்கு அரைப்பேரா என்று செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் பதிவார்கள். அரைப்பேர் ஏன் விழுந்தது என்று எழுத அதில் இடமில்லை. நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது, ஒரே யோசனையாய் இருக்கிறது என்று டிஸ்பென்சரியில் சொன்னால் குளிசை கிடைக்கும். உட்கார்ந்து கதை கேட்க ஆள் இருந்தது குறி சொல்லும் கோடாங்கியின் வாசலில். இல்லாவிட்டால், தேயிலை ஆலை இயந்திரத்துக்குக் காவலான ரோதைமுனியின் முன்னால்.

மனச்சோர்வை அளக்கும் கேள்விப் பட்டியல்கள் வேறு உலகத்தில் பிறந்தவை. ஹமில்டனின் அளவுகோல் 1960இல் வந்தது, பெக்கினுடையது 1961இல். ஓரிடத்து நோய் வகையை இன்னோர் இடத்து மக்கள் மேல் அப்படியே பொருத்துவது பிழை என்று 1977இல் மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் எழுதினார். சிம்பாப்வேயில் விக்ரம் பட்டேலும் கூட்டாளிகளும் நோயாளிகளிடமும் நாட்டு வைத்தியர்களிடமும் போய், மனம் நொந்தவர் என்ன சொல்லி வருகிறார் என்று கேட்டுச் சேர்த்தார்கள். அதிலிருந்து 1997இல் ஷோனா மொழியில் 14 கேள்விகள் உருவாயின. ஓயாமல் யோசிப்பது பற்றிய கேள்வி அதில் முக்கியமானது. தோட்டத்து லயங்களில் வாழும் மனிதருக்கு அது அந்நியமாக இராது.

இலங்கையில் 2012இல் பேராதனை மனச்சோர்வு அளவுகோல் வெளியானது. போரில் அடிபட்ட தமிழர்களிடம் பேசி, அவர்கள் சொன்ன துயரங்களிலிருந்தே இன்னொரு கேள்விக்கொத்தும் தயாரானது. பேராதனையின் பெயர் அதிலும் உண்டு. மேற்கத்திய அளவுகோல்களின் தமிழாக்கங்களுக்குத் தப்பியதையும் அது பிடித்தது: அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதை அவற்றைவிடக் கூடுதலாகக் காட்டியது.

பேராதனையிலிருந்து ரயிலில் மேலே ஏறினால் மலையகத்தின் ஹட்டன். போர்ப் பகுதிக் கேள்விகளைத் தமிழ்தானே என்று இங்கே நீட்டுவது போதாது. அவை இடப்பெயர்விலும் காணாமற்போனவர்களிலும் இருந்து வந்தவை. மலையகத்தின் காயங்கள் வேறு: 1948இல் பறிபோன குடியுரிமை, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இரண்டாகப் பிரிந்த குடும்பங்கள், சம்பளத்துக்கு முன்னே வந்து நிற்கும் கடன், சாராயம்.

களைப்பாக இருக்கிறதா என்ற சாதாரணக் கேள்வியையே பாருங்கள். சரிவில் ஏறி இறங்கி, கூடை நிறையக் கொழுந்தைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவந்தவள் என்ன பதில் சொல்வாள்? ஆம் என்றுதான். அந்த ஆமில் நோய் எது, வேலை எது என்று பிரிக்க முடியாது. முன்பு முழுப்பேர் போட்டவளுக்கு இப்போது கை ஓடவில்லையா, திருவிழாவுக்குப் போக மனமில்லையா என்று கேட்டால் ஏதாவது பிடிபடும். தூக்கமும் அப்படித்தான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் உள்ள லயத்தில் பக்கத்து வீட்டுச் சண்டையும் உறக்கத்தைக் கெடுக்கும். சத்தம் அடங்கிய பிறகும் விழித்திருக்கிறாரா என்பதுதான் கேட்க வேண்டியது.

சாவு பற்றிய கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடக் கூடாது. 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். கொடிய பூச்சிமருந்துகளையும் களைக்கொல்லிகளையும் தடை செய்யச் செய்ய அந்த எண் வெகுவாக இறங்கியது. ஆகவே சாக நினைத்தீர்களா என்பதோடு, வீட்டில் நஞ்சு இருக்கிறதா என்றும் இங்கே கேட்க வேண்டும். மலையகத்துக்கான பட்டியலைத் தொகுப்பவர்கள் கொழுந்து எடுக்கும் பெண்களிடமும், அவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைமடுவத்து ஆயாக்களிடமும் கோடாங்கியிடமும் முதலில் பேசட்டும். சேர்ந்த கேள்விகளை மருத்துவரின் நேர்முகப் பரிசோதனையோடு ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைப் பிறகு தள்ளலாம்.