காட்டுக்கேற்ற கைக்கடிகாரம்

1942 பிப்ரவரியில் ஜப்பானியர் மலாயாவின் நேரத்தையும் கைப்பற்றினர். கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முந்தியிருந்த நம் கடிகாரங்கள் ஒன்பது மணி முந்திய தோக்கியோ நேரத்துக்கு மாறின. ஏறத்தாழ ஆறரை மணி விடியல் எட்டு மணி விடியலாயிற்று!

அக்காலத்தில் பத்து காஜாவுக்குத் தென்கிழக்கே, பீடோர் மலைக்காட்டில் மறைந்திருந்த 136ஆம் படையினர்க்கு மணி பார்ப்பது உயிரோடு ஒட்டியது. 1943இல் அவர்கள் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையிறங்கியவர்கள். கடலோரச் சந்திப்புக்கு நாழி தவறினால் கப்பல் காத்திராது. காட்டின் ஈரமோ சாதாரணக் கடிகாரத்தைத் துருவேற்றிவிடும்.

பிரிட்டிஷ் இராணுவம் வகுத்த இலக்கணப்படி பன்னிரண்டு சுவிஸ் நிறுவனங்கள் செய்த கடிகாரங்கள் 1945இல்தான், போர் முடியும் தறுவாயில், வந்து சேர்ந்தன. கரிய முகப்பு, ஒளிரும் முட்கள், நீர் புகாக் கூடு, 15 கற்கள்.

இன்று காடேறுவோர்க்கும் இவ்விலக்கணமே போதும். பொன் முலாம் எதற்கு? தோல் பட்டை ஆகாது, வியர்வையில் அழுகும். அப்பழைய கடிகாரத்தையே வாங்குவோர் கூட்டைத் திறவாதிருத்தல் நலம்; ஒளிப்பூச்சில் ரேடியம் உண்டு.