கொடுக்கின் கதை: கிரேக்கக் களப்பிலிருந்து நமது களப்பு வரை

 

ஆங்கிலப் படப் புத்தகங்களிலும் கார்ட்டூன்களிலும் வரும் சிங்கி இறாலுக்கு இரண்டு பெரிய கொடுக்குகள் இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் நமது கடலில் பிடிபடும் சிங்கி இறாலைக் கண்டதும், "சேர், இதுக்குக் கொடுக்கு எங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நமது சிங்கி இறாலுக்கு அப்படியான கொடுக்கு இல்லை. முள் நிறைந்த நீண்ட மீசைகளும் முள்ளோடும்தான் அதற்குக் காவல். படத்தில் வருவது அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஐரோப்பிய, வட அமெரிக்கக் கரைகளில் வாழும் வேறு வகை.

இந்தக் குழப்பம் பெயரிலும் உண்டு. 1758இல் லின்னேயஸ், கொடுக்குள்ள ஐரோப்பிய வகையையும் கொடுக்கில்லாத நமது வகைகளில் ஒன்றையும் நண்டுகளோடு ஒரே இனமாகச் சேர்த்தார். 'ஹோமாரஸ்' என்ற பெயரை அவர் கொடுத்தது கொடுக்கில்லாததற்கு. பிற்காலத்தில் கொடுக்குள்ள இனத்துக்கும் அதே பெயர் வந்து சேர்ந்தது. இன்று நம்முடையது பனுலிரஸ் ஹோமாரஸ், ஐரோப்பாவுடையது ஹோமாரஸ் கம்மாரஸ். பெயரை மட்டும் பாடமாக்கினால் இல்லாத கொடுக்கைத் தேட வேண்டியதுதான்.

நமக்குக் கொடுக்கு என்றால் களப்பு நண்டு. (நண்டு உண்பது பற்றிய மார்க்கச் சட்டக் கருத்து வேறுபாட்டை உலமாக்களிடம் விடுவோம். நான் பேசுவது அதன் அமைப்பைப் பற்றி.)

கொடுக்கில் இரண்டு விரல்கள். அசைவது ஒன்றுதான். அதை மூடும் தசை மிகப் பெரியது, திறக்கும் தசை சிறியது. அதனால்தான் விரலை நசுக்கிவிடும் அந்தக் கொடுக்கை ஒரு துண்டுக் கயிற்றால் கட்டிப்போட முடிகிறது. சமைத்த கொடுக்கை உடைத்தவர்கள் சதைக்கு நடுவே பிளாஸ்டிக் போன்ற ஒரு தட்டைத் தகட்டைக் கண்டிருப்பார்கள். தசைகள் பிடித்து இழுப்பது அந்தத் தகட்டைத்தான். அது இழுபட்டால் விரல் மூடும்.

இரண்டு கொடுக்கும் ஒன்றுபோல இருப்பதுமில்லை. ஒன்று தடித்தது. கடைவாய்ப்பல் போன்ற மொட்டைப் பற்களால் சிப்பியை நொறுக்கும். மற்றது ஒல்லி. கூரான பற்களால் வெட்டும். நொறுக்கும் கொடுக்கு வேகத்தை விட்டுக்கொடுத்து வலிமையைப் பெறுகிறது, பாக்குவெட்டியைப் போல.

இந்த வித்தியாசத்தை எழுதி வைத்த பழைய பெரியவர் அரிஸ்டோட்டில். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் லெஸ்போஸ் தீவில் வாழ்ந்த காலத்தில், அங்குள்ள பிர்ரா என்ற களப்பின் உயிரினங்களை ஆராய்ந்தார். நண்டுக்கு வலது கொடுக்கே பெரியது என்றும், கொடுக்குள்ள சிங்கி இறாலுக்கு எந்தப் பக்கம் பெரிதாகும் என்பது தற்செயல் என்றும் எழுதினார். இந்த விபரமெல்லாம் அவர் தனியே கண்டுபிடித்தவையல்ல. மீனவர்களிடம் கேட்டறிந்ததை அவரது நூல்களே பல இடங்களில் சொல்கின்றன. அந்த மீனவர்களின் பெயர்தான் நமக்குக் கிடைக்கவில்லை.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அந்த நூல்கள் அரபு மொழிக்கு வந்து 'கிதாபுல் ஹயவான்' ஆயின. அல்ஜாஹிழ் அதே பெயரில் தானும் ஒரு பெருநூல் எழுதி, அரிஸ்டோட்டிலை எடுத்தாண்டார், மறுத்தும் பேசினார். இப்னு சீனாவும் விலங்குகளைப் பற்றி எழுதினார். 13ஆம் நூற்றாண்டில் மைக்கேல் ஸ்கொட் இலத்தீனுக்குக் கொண்டுபோனது இந்த அரபுப் பிரதியைத்தான்.

நமது களப்பு நண்டின் விஞ்ஞானப் பெயரும் அரபுக் கரையில் பிறந்தது. டென்மார்க் அரசர் அனுப்பிய குழுவில் சென்ற பீட்டர் ஃபோர்ஸ்கால் செங்கடல் உயிரினங்களைச் சேகரித்தார், உள்ளூர் அரபுப் பெயர்களையும் கேட்டு எழுதினார். 1763இல், 31 வயதில், யெமனில் காய்ச்சலால் இறந்தார். குறிப்புகள் 1775இல் நூலாயின. 'செர்ராட்டா' என்ற பெயர் அதில் வந்ததுதான்.

அரிஸ்டோட்டில் சொன்ன அந்தத் 'தற்செயல்' என்ன? விடை கிடைக்க இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் சென்றது. 1986இல் கனடாவில் கோவிந்த், பியர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் காட்டினார்கள். கொடுக்குள்ள சிங்கி இறால் குஞ்சுக்கு ஆரம்பத்தில் இரு கொடுக்கும் ஒரே மாதிரி. எந்தப் பக்கம் அதிகம் பிடித்துப் பழகுகிறதோ அந்தப் பக்கம் நொறுக்கும் கொடுக்காகிறது. பிடிக்க எதுவுமே கொடுக்காமல் வளர்த்தால் இரண்டும் ஒல்லியாகவே நின்றுவிடுகின்றன. அந்த இளம் பருவம் கடந்தால் பிறகு மாறுவதுமில்லை.

ஆசிரியனாக என்னை உறுத்துவது இதுதான். மட்டக்களப்பு வாவியின் தென்முனை நமது கல்முனையோடு வந்து முடிகிறது. அதன் கரையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் நாம் கணுக்காலிகளைக் கரும்பலகையில் வரைந்துதான் படிப்பிக்கிறோம். பரீட்சைக்குப் பெயர் எழுதுவார்கள், புள்ளியும் எடுப்பார்கள். கையில் பிடித்துப் பார்க்க ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தக் குஞ்சுகளுக்கு நடந்ததே இவர்களுக்கும் நடக்கிறது.

செலவில்லாத வழி உண்டு. சந்தையில் கழித்துப் போடும் ஒரு கொடுக்கை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அடியில் உடைத்து, அந்தத் தகட்டைக் குறட்டால் இழுக்கச் சொல்லுங்கள். விரல் மூடும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். களப்புத் தொழிலுக்குப் போகும் வாப்பாமாரின் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, நூறு நண்டில் எத்தனைக்கு வலது பெரியது, எத்தனைக்கு இடது பெரியது என்று எண்ணிவரச் சொல்லுங்கள். வாப்பாவின் பெயரையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். லெஸ்போஸ் மீனவர்களுக்கு விடுபட்டது நம்மவர்களுக்கு விடுபடக் கூடாது.

உங்கள் ஊரில் நண்டின் இரண்டு கொடுக்குக்கும் தனித்தனிப் பெயர் உண்டா? மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.