புள்ளலூரில் கூடாத படைகள்: ஹெக்டர் மன்றோவின் தளபதி வாழ்வும் பிரஷ்யப் படையியலும்

கிழக்கிந்தியக் கும்பினித் தளபதி சர் ஹெக்டர் மன்றோவை வரலாற்றாசிரியர்கள் இரண்டு குற்றங்களுக்காகக் கூண்டிலேற்றுகிறார்கள். 1780இல் மைசூரின் ஐதர் அலி ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியிருந்த நேரத்தில் தன் படையை இரண்டாகப் பிரித்து வைத்தார் என்பது முதலாவது. கர்னல் பெய்லியின் படை புள்ளலூரில் அழிந்துகொண்டிருந்தபோது காஞ்சிபுரத்தில் காத்துக்கிடந்தார் என்பது இரண்டாவது. மார்க் வில்க்ஸும் ஜேம்ஸ் மில்லும் எழுதிய காலம்தொட்டு இந்தத் தீர்ப்பு பெரிதும் மாறவில்லை. முதல் குற்றச்சாட்டு நிற்காது என்பதும், இரண்டாவதன் வேர் மன்றோவின் மனத்துணிவைவிடச் செங்கல்பட்டுச் சீமையின் நெல்லில்தான் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, பறங்கிமலை ஆகிய மூன்றையும் கோடிட்டு இணைத்தால் வரும் முக்கோணத்துக்குள் ஒரகடம் விழுகிறது. ஸ்ரீபெரும்புதூர் அதன் வட விளிம்பை ஒட்டியிருக்கிறது. புள்ளலூர் ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே இருக்கும் கிராமம். இன்று கார், லாரி, கைப்பேசித் தொழிற்சாலைகள் நிறைந்த இந்தப் பகுதி அன்று ஏரிகளாலும் அவற்றின் கால்வாய்களாலும் பிழைத்த நெல் நிலம். ஏரிக்கரைகளும் பனந்தோப்புகளும் ஓடைகளும் படையை மறைக்கவும் செய்யும், மடக்கவும் செய்யும்.

மன்றோ 1778 அக்டோபரில் புதுச்சேரியைக் கைப்பற்றியவர். அதற்கு முன் 1764இல் பக்ஸாரில் வென்றவர். அதே ஆண்டு, கலகம் செய்த சிப்பாய்களில் 24 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொன்றவரும் அவரே. போரிடத் தெரியாத தளபதி என்றோ கோழை என்றோ அவரை ஒதுக்கிவிட முடியாது. ஐதர் 1780 ஜூலையில் கணவாய்களைக் கடந்து வந்தபோது குண்டூர்ப் பக்கமிருந்து பெய்லியும் பறங்கிமலையிலிருந்து தானும் காஞ்சிபுரத்தில் ஒன்றுசேர வேண்டும் என்று திட்டமிட்டார். சென்னையை ஒட்டியே கூடுவோம் என்றார் கும்பினி தரப்புப் படையதிகாரி மக்லியோட் பிரபு. அந்த யோசனை ஏற்கப்படவில்லை. மன்றோ ஆகஸ்டு இறுதியில் ஐயாயிரத்துச் சொச்சம் பேருடன் காஞ்சி சேர்ந்தார்.

பெய்லி ஆகஸ்டு 25 அன்று கொசஸ்தலையாற்றுக்கு வந்தார். ஆற்றைக் கடக்க முடிந்த அந்த மாலையில் கடக்காமல் வடகரையிலேயே பாளையமிறங்கினார். இரவோடு இரவாக வெள்ளம் வந்தது. சித்தூர் மலைகளிலும் நகரியாற்றுப் பக்கமும் மழை பெய்தால், இங்கே ஒரு துளி விழாமலே இந்த ஆறு பெருகும். உள்ளூர்க் குடியானவன் எவனுக்கும் தெரிந்த சங்கதி இது. ஒரு வாரத்துக்கும் மேல் அவர் அக்கரையிலேயே கிடந்தார். ஐதருக்கு அந்த ஒரு வாரமே போதுமானதாக இருந்தது. செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கம் அருகே ஐதரின் மகன் திப்பு பெய்லியை மறித்தார். காஞ்சியிலிருந்து கர்னல் ஃபிளெட்சர் சுமார் ஆயிரம் பேருடன் போய்ச் சேர்ந்தும் பயனில்லை. 10ஆம் தேதி புள்ளலூரில் ஐதரின் முழுப்படையும் சூழ்ந்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, ஃபிளெட்சர் மாண்டார், பெய்லி சிறைப்பட்டார். அன்று காலை வெடிச் சத்தம் வந்த திசை நோக்கிப் புறப்பட்டிருந்த மன்றோ, தோல்விச் செய்தி கிடைத்ததும் காஞ்சிக்கே திரும்பி, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பறங்கிமலைக்குப் பின்வாங்கினார்.

பிரிந்து நடந்து ஓரிடத்தில் கூடும் திட்டமே மடமை என்றால், அதே திட்டத்துக்காக ஐரோப்பா கொண்டாடிய ஒருவரை என்ன சொல்வது? பிரஷ்யப் பொதுப் படைத்தலைமையகத்தின் தலைவராக 1857இல் பொறுப்பேற்ற ஹெல்முட் ஃபொன் மோல்ட்கே, 1866இல் ஆஸ்திரியாவுக்கு எதிராக மூன்று படைகளைத் தனித்தனி வழிகளில் பொஹீமியாவுக்குள் இறக்கினார். அவை ஜூலை 3 அன்று கோனிக்ரேட்ஸில் கூடின. அதுவும் நூலிழையில்தான். பட்டத்து இளவரசரின் படையோடு தந்தித் தொடர்பு இல்லாததால் இரவில் குதிரைவீரன் ஒருவன்தான் ஆணையைக் கொண்டுபோனான். இளவரசரின் படை களத்தை எட்டியது நண்பகலுக்குப் பிறகே. அதுவரை மற்ற படைகள் ஆஸ்திரியப் பீரங்கிகளின் முன் தத்தளித்தன. இளவரசர் வராமல் போயிருந்தால் மோல்ட்கேயின் பெயரும் மன்றோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்டிருக்கும். ரயிலும் தந்தியும்தான் வேறுபாடு என்று சொல்வது எளிது. படைகளை எல்லைக்குக் கொண்டுவந்தது ரயில் என்பது உண்மை. தீர்மானமான அந்த இரவில் உதவியதோ குதிரைதான், அது மன்றோவிடமும் இருந்தது.

வேறுபாட்டை மோல்ட்கேயின் இளமையில் தேட வேண்டும். 1800இல் மெக்லன்பர்கில் பிறந்து, டேனிஷ் படையில் தொடங்கி 1822இல் பிரஷ்யப் படைக்கு மாறிய அவர், சைலீசியாவிலும் போசனிலும் நில அளவைப் பணியில் ஆண்டுகளைச் செலவிட்டார். பிறகு துருக்கியில் சுல்தானின் படைக்கு ஆலோசகராக இருந்தபோதும் நிலப்படம் வரைந்தார். எந்தச் சாலை எத்தனை பேரைத் தாங்கும், எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்பது அவருக்குப் படையியலின் அரிச்சுவடி. படைத்தலைமையகம் அந்த அறிவைத் திரட்டிப் போர்த்திட்டத்துக்குள் கொண்டுவந்தது.

இங்கேதான் மன்றோவின் கதை மனத்தை உறுத்துகிறது. இந்த நிலத்தைப் பற்றிய அறிவு கும்பினியிடம் இல்லாமலில்லை. 1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலியிடமிருந்து பெற்ற செங்கல்பட்டு ஜாகீரை, தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்திருந்தார். சுமார் இரண்டாயிரம் ஊர்களின் நிலம், ஏரி, வீடுகள், விளைச்சல், மானியங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் ஏறின. அதன் மூலமாக நின்ற தமிழ் ஓலைக் கணக்குகளையும் ஆய்வாளர்கள் எடுத்து வாசித்திருக்கிறார்கள். காஞ்சியும் இந்த ஜாகீரைச் சேர்ந்ததுதான். இவ்வளவு எழுதி வைத்திருந்த கும்பினி, ஜாகீரை 1780 வரை நவாபுக்கே குத்தகைக்கு விட்டிருந்தது. படைக்கு அரிசி கொடுப்பதையும் நவாப் பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருந்தது. அரிசி வரவில்லை. சில நாள் சாப்பாட்டுக்கான அரிசியோடு காஞ்சிக் கோயிலைக் கிடங்காக்கி உட்கார்ந்திருந்த மன்றோ, அதை விட்டுவிட்டு நகர அஞ்சினார். பெய்லி உதவி கேட்டபோது முழுப்படையோடு போகாமல் ஃபிளெட்சரை மட்டும் அனுப்பியதற்கு அவர் சொன்ன காரணமும் அதுதான். வில்க்ஸ் முதலானோர் இதைச் சாக்குப்போக்காக வாசிக்கிறார்கள். பொதிமாடும் நெல்லும் இல்லாத படை எதிரியின் குதிரைப்படைக்கு நடுவே எத்தனை நாள் நிற்கும் என்று கணக்குப் பார்த்தால் அது சாக்காகத் தோன்றாது.

எதிர்த்தரப்பில் நிலைமை நேர்மாறு. மைசூர்ப் படையின் அம்ருத் மஹால் மாடுகளின் வேகத்தை எதிரிகளும் மெச்சினார்கள். 1799க்குப் பிறகு கும்பினி அந்த மாட்டுப் பண்ணையைக் கலைக்காமல் தனக்கே வைத்துக்கொண்டதை ஒரு வாக்குமூலமாகவே கொள்ளலாம். உளவிலும் ஐதரின் கை ஓங்கியிருந்தது. வழிகாட்டிகள் மீது சந்தேகம் கொண்டு ஃபிளெட்சர் இரவில் பாதையை மாற்றிச் சுற்றிப் போனதால்தான் பெய்லியைச் சேரவே முடிந்தது. அளவைக் கணக்கு கோட்டைக்குள் தூங்கிக்கொண்டிருக்க, படைத்தலைவர்கள் யாரென்றே தெரியாத வழிகாட்டிகளின் பின்னால் நடந்தார்கள்.

இதனால் மன்றோ குற்றமற்றவராகிவிட மாட்டார். செப்டம்பர் 9 பகல் முழுவதும் அவர் காஞ்சியில் கழித்ததற்கு அரிசி மட்டும் காரணமாகாது. முழுப்படையோடு போகாத பிறகு ஃபிளெட்சரை அனுப்பியது, ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்த படையை மூன்றாகப் பிரித்த செயல். அதற்கு நியாயம் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. பெய்லிக்கும் பங்குண்டு. ஆற்றங்கரையில் ஒரு மாலை, 9ஆம் தேதி இரவில் நடையை நிறுத்தி விடியலுக்குக் காத்தது என இரண்டு தாமதங்கள். ஆயினும் பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்துபோனார். பதில் சொல்ல ஆளில்லாதவர்மீது பழி சுலபமாக ஒட்டிக்கொண்டது.

மன்றோவின் வாழ்வோ தொடர்ந்து ஏறுமுகம்தான். 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் தலைமைத் தளபதி அயர் கூட்டின் கீழ்ப் போரிட்டார். அந்த நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பி, ஸ்காட்லாந்தின் ஃபைரிஷ் குன்றின்மேல் நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலைப்போல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார். 1798இல் முழு ஜெனரலானார். 1805இல் இறந்தார். புள்ளலூரில் வயல்களுக்கு நடுவே நிற்கும் இரண்டு தூண்களும் பெய்லியின் படைக்கு உரியவை அல்ல. 1781 ஆகஸ்டு 27 அன்று அதே மண்ணில் கூட் நடத்திய இரண்டாவது போரில் இறந்த ஹிஸ்லாப், பிரௌன் என்னும் அதிகாரிகளுக்கு உரியவை. இரண்டையும் குழப்பி எழுதுவது இன்றும் நிற்கவில்லை.

இந்தப் போரைத் தளபதிகளின் கடிதங்களைக் கொண்டே எழுதிவந்திருக்கிறோம். பர்னார்டின் ஊர்க்கணக்கைப் பக்கத்தில் வைத்து, மன்றோ நடந்த வழியின் ஒவ்வொரு ஊரிலும் எவ்வளவு நெல் விளைந்தது, அதில் எவ்வளவு நவாபின் குத்தகைக்காரர்கள் கைக்குப் போனது என்று பார்க்க வேண்டும். ஓலைக் கணக்குகள் தமிழில் இருப்பதால் அந்த வேலை நம்முடையது.