மாட்டு இதயமும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

அரசு மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கர்ப்பிணிகளுக்கு வி.டி.ஆர்.எல். பார்ப்பது அன்றாட வேலை. கண்ணாடித் தகட்டில் சின்னச் சின்னத் திரள்கள் தெரிந்தால் 'ரியாக்டிவ்'. மேகநோய், அதாவது சிபிலிஸ், இருக்கலாம் என்று பொருள்.

1988-இல் ஒரு பெண்ணுக்கு லேசாக ரியாக்டிவ் வந்தது. டாக்டர் பார்க்கும் முன்பே சீட்டைக் கணவர் கையில் கொடுத்துவிட்டேன். வெளியே போய் யாரிடமோ அர்த்தம் கேட்டிருக்கிறார். அன்றைக்கே அந்தப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பரிசோதனையின் பூர்வீகத்தை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

சிபிலிஸ் கிருமியை 1905-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே பெர்லினில் ஆகஸ்ட் வாசர்மனும் கூட்டாளிகளும் ரத்தப் பரிசோதனை கொண்டுவந்தார்கள். அந்நோயோடு இறந்து பிறந்த சிசுவின் ஈரல் சாற்றை அதற்குப் பயன்படுத்தினார்கள். அதில் கிருமி நிறைய உண்டு. கிருமிக்கு எதிரான பொருளைத்தான் ரத்தத்தில் பிடிக்கிறோம் என்று நம்பினார்கள்.

1907-லேயே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. நோயே இல்லாத உறுப்புகளின் சாறும் அதே பலனைத் தந்தது! பரிசோதனை பிடித்தது, நம் திசுக்களிலேயே உள்ள ஒரு கொழுப்புக்கு எதிரான பொருளை. 1941-இல் அமெரிக்காவில் மேரி பாங்போர்ன் அந்தக் கொழுப்பை மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்தார். அதுதான் கார்டியோலிப்பின். வி.டி.ஆர்.எல். மருந்தில் இருப்பதும் அதுவே.

மலேரியா, தொழுநோய், லூபஸ், சில நேரம் வெறும் கர்ப்பம்கூட அந்தப் பொருளை உண்டாக்கும். 1949-இல் நெல்சனும் மேயரும் உயிருள்ள கிருமியையே வைத்துப் பரிசோதித்தார்கள். 'நோயாளி' என்று முத்திரை குத்தப்பட்ட பலருக்கு நோயே இல்லை என்று அப்போது தெரிந்தது. அதற்குள் அமெரிக்காவில் பல மாநிலங்கள் கல்யாணத்துக்கு முன் சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்று சட்டமே போட்டிருந்தன.

அந்தப் பெண்ணின் ரத்தத்தை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். கிருமியை நேரடியாகக் குறிவைக்கும் டி.பி.எச்.ஏ. பரிசோதனை நெகட்டிவ். டாக்டரே கணவரைக் கூப்பிட்டு விளக்கினார். குழந்தை பிறந்த பிறகுதான் அந்தப் பெண் புகுந்த வீடு திரும்பினாள்.

ஆரம்ப வாரங்களில் நோய் இருந்தும் இந்தப் பரிசோதனை நெகட்டிவ் காட்டுவதுண்டு. அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிச் சீட்டு வந்தால், அடுத்த பரிசோதனை என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை வீட்டில் யாரையும் எதுவும் கேட்காதீர்கள்.

அதன் பிறகு நான் எந்தச் சீட்டையும் மடித்து உறையில் போடாமல் கொடுத்ததில்லை.